‘உங்களுக்குள்’: விவிலியத்தின் அனுபூதி உரையும் அகமுரண்பாட்டின் சமூக வேர்களும்
— யாழ்ப்பாணத் தீவகத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள் —

1

அனுபூதிநெறி பற்றிய ஆராய்ச்சியில் மார்க்சியத் திறனாய்வாளர் இரு முடிவுகளுள் ஒன்றை எளிதிற் சார்ந்துவிடுவதுண்டு. அனுபூதி என்பது உழைப்பிலிருந்து விலகி நிற்க வசதி பெற்றோரின் மயக்கம் என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புக்குரல் சமய உடை தரித்து வருவதே அது என்பது மற்றையது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆயினும் இரண்டும் நூலைத் திறக்குமுன்னரே செய்யப்பட்ட முடிவுகளாகையால், குறிப்பிட்ட ஓர் உரை குறிப்பிட்ட ஒரு காலத்தில் யாருக்கு எதனைச் செய்தது என்ற வினாவை எழுப்பாமலே விட்டுவிடுகின்றன.

ஏங்கெல்ஸ் இவ்வாறு அவசரப்பட்டவரல்லர். 1850இல் ஜெர்மானிய விவசாயிகள் யுத்தம் பற்றி எழுதியபோது, இடைக்காலம் முழுவதும் நிலமானிய அமைப்புக்கு எதிரான போராட்டம் சிலவேளை அனுபூதிநெறியாகவும், சிலவேளை வெளிப்படையான சமய மறுப்பாகவும், சிலவேளை ஆயுதக் கிளர்ச்சியாகவும் வெளிப்பட்டதென அவர் விளக்கினார். 1525இல் கொல்லப்பட்ட தோமஸ் மூன்சர் விவிலியத்தை அனுபூதிவழி கற்றவர். அக்கல்வியே அவரை விவசாயிகளின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. அதே காலத்தில் அதே நூலை அகவழி கற்றுத் தம் அறைக்குள்ளேயே அமைதி கண்டோரும் இருந்தனர். எனவே, அனுபூதி முற்போக்கானதா பிற்போக்கானதா என்று பொதுவிற் கேட்பது பயன் தராது. அது மனிதனின் அகமுரண்பாட்டை எங்கே தொடங்குவதாகக் காட்டுகின்றது, எங்கே கொண்டுபோய்த் தீர்க்கின்றது என்று கேட்பதே பொருத்தமாகும்.

இவ்வினாவை நம் சூழலில் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஒருவர் கிறிஸ்தவ நற்செய்திக்கு எழுதிய அனுபூதி உரையை முதலில் நோக்குவோம். அடுத்து, அதே நற்செய்தி ஊர்காவற்றுறை முதலிய தீவகப் பகுதிகளில் வேறொரு முறையிற் கேட்கப்பட்ட வரலாற்றையும், புங்குடுதீவில் அனுபூதியாளர் ஒருவர் நற்செய்தியின் துணையின்றியே அதே சிக்கலை எதிர்கொண்ட வகையையும் அதனோடு ஒப்பிடுவோம்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் விவிலியம் சைவர்க்கு அந்நிய நூலாக இருக்கவில்லை. பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கப் பணியிற் பங்குகொண்ட ஆறுமுக நாவலர் (1822–1879) அந்நூலை வரிவரியாக அறிந்திருந்தார். அவ்வறிவு 1854இல் வெளிவந்த ‘சைவதூஷணபரிகாரம்’ என்ற நூலில் ஆயுதமாயிற்று. சைவக் கிரியைகளை இழித்துரைத்த மிஷனரிமாருக்கு, அவர்களது வேதத்தின் பழைய ஏற்பாட்டிலேயே பலியும் தூபமும் ஆசாரமும் விதிக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டி அவர் விடையிறுத்தார். நாவலரது வாசிப்பு கண்டனத்துக்கானது. நூலின் புறத்தே நின்று, நூலைக்கொண்டே நூலுக்குரியோரை எதிர்ப்பது அதன் முறை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் நிலைமை முற்றாக மாறிவிட்டமையைக் காண்கின்றோம். 1898இல் மத்தேயு நற்செய்திக்கும், 1902இல் யோவான் நற்செய்திக்கும் ஆங்கிலத்தில் இரு விரிவுரைகள் இலண்டனில் வெளியாயின. உரையாசிரியர் பெயர் ஸ்ரீ பரானந்தர். அப்பெயருக்குரியவர் அக்காலத்தில் இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரலாகப் பதவி வகித்த பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930). தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளிடம் உபதேசம் பெற்றவர் அவர். உரைகளைப் பதிப்பித்தவர் அவருடைய மாணவியாகி, பின்னர் அவரை மணந்து லீலாவதி எனப் பெயர்பெற்ற ஹரிசன் அம்மையார்.

இந்நூல்களின் தலைப்புகளே ஆராய்ச்சிக்குரியன. முதலாவது உரை தெய்வ அனுபவத்தின் ஒளியிற் சொல்லப்பட்டதெனவும், இரண்டாவது ஞானயோகத்தின் ஒளியில் எழுந்ததெனவும் தலைப்பிலேயே அறிவிக்கப்படுகின்றன. உரையின் பிரமாணம் திருச்சபையன்று; வரலாற்றாராய்ச்சியன்று; கிரேக்க மொழிப் புலமையுமன்று. அனுபவமே பிரமாணம். சுவானுபூதி உடையவரே நூலின் உட்பொருளை அறிவார் என்ற இந்நிலைப்பாடு சைவசித்தாந்த மரபில் வந்தோர்க்குப் புதிதன்று. ஆனால் ஆளுவோரின் வேதத்தை ஆளப்படுவோர் ஒருவர் இந்தப் பிரமாணத்தின்படி விளக்கப் புகுவது அரசியற் பொருள் மிக்க செயலாகும். உங்கள் நூலின் திறவுகோல் எங்களிடமே உண்டு என்று கூறுவதற்கு அது சமமானது. 1905, 1906ஆம் ஆண்டுகளில் இராமநாதன் அமெரிக்காவிற் சொற்பொழிவாற்றியபோதும் இதே துணிவோடுதான் பேசினார். மேற்குலகினர் தம் வேதத்தைப் புறச்சடங்காகவும் சபைக் கோட்பாடாகவும் சுருக்கிவிட்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. குடியேற்றவாதம் கீழைத்தேயத்தாரின் அறிவை மதிக்க மறுத்த ஒரு காலத்தில் இது பெருமிதமிக்க மறுமொழி என்பதை மறுப்பதற்கில்லை.

3

இவ்வுரைகளின் மையத்தில் இருப்பது அகமுரண்பாடு பற்றிய கொள்கையாகும். பவுல் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரம், நன்மையை விரும்பியும் அதனைச் செய்யமாட்டாது, வெறுத்த தீமையையே செய்துவிடும் மனிதனின் இருபாற்பட்ட நிலையை எடுத்துரைக்கின்றது. மேற்குலகச் சமய இலக்கியத்தில் அகமுரண்பாட்டுக்கு மூலவாக்கியமாக அமைந்த பகுதி அதுவே. அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்றிற் கூறும் போராட்டமும் அதன் வழிவந்ததே. மேலைத் திருச்சபைகள் இப்பிளவைப் பாவமும் கிருபையும் என்ற வழக்கில் விளக்கின. பரானந்தரோ உலகப்பற்றில் ஆழ்ந்த மனநிலைக்கும் ஆன்ம உணர்வில் நிலைபெற்ற மனநிலைக்கும் இடையிலான போராட்டமாக அதனைக் கண்டார். சித்தாந்தச் சொல்லிற் கூறுவதாயின், ஆணவத்தோடு ஒன்றிநிற்கும் உயிர் திருவருளோடு ஒன்றிநிற்கும் நிலைக்குப் பெயர்வதே நற்செய்தியின் பொருளாகின்றது. கிறிஸ்து என்பது வரலாற்றில் வாழ்ந்த ஒருவரின் பெயராக மட்டும் நில்லாது, எந்த ஆன்மாவும் அடையத்தக்க தூய நிலையின் பெயராகவும் ஆகின்றது. விண்ணரசு என்பது வருங்காலத்தில் வரவிருக்கும் ஆட்சியன்று. உள்ளே உணரப்படவேண்டிய நிலை.

இவ்விளக்கத்தால் யாருடைய முரண்பாடு தீர்ந்தது? இவ்வினாவை எழுப்பாமல் உரையின் அழகை மட்டும் பேசுவது திறனாய்வாகாது.

இராமநாதனது வர்க்கம் அக்காலத்தில் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தது. அதன் தொழில் ஆங்கிலேயரின் நீதிமன்றத்தில். அதன் மானம் சைவ மரபில். கல்வி மேலைத்தேயமுறையது, வீட்டு ஆசாரம் யாழ்ப்பாண வேளாளமுறையது. அதன் பதவியும் செல்வாக்கும் கிறிஸ்தவ அரசோடு பிணைந்திருந்தன. ஆனால் சொந்தச் சமூகத்தில் அதன் தலைமை சைவத்தின் பெயராலேயே நிலைத்தது. நாவலர் காலத்தில் இப்பிளவு கண்டனமாக வெளிப்பட்டது. நாவலர் அரசாங்கப் பதவி எதனையும் நாடாதவராகையால், அவருக்குக் கண்டனம் இயலுமாயிற்று. சொலிசிற்றர் ஜெனரலுக்கு அது இயலாது, தேவையுமில்லை. அவருக்கு வேண்டியது இரு வேதங்களும் ஆழத்தில் ஒன்றே என்று காட்டும் சமரசம். அச்சமரசம் சடங்கிலோ சபையிலோ வரலாற்றிலோ கிடைக்காது. அனுபவம் என்ற தளத்தில் மட்டுமே கிடைக்கும். ஆகவே பரானந்தரது அனுபூதி உரை ஓர் ஆன்மாவின் அகமுரண்பாட்டைத் தீர்த்தது போலவே, ஒரு வர்க்கத்தின் முரண்பாட்டையும் தீர்த்துவைத்தது. இதனாற் பரானந்தரது அனுபவம் பொய்யென்று நாம் கூறவில்லை. அனுபவத்தின் மெய்ம்மையை அளக்கும் கருவி திறனாய்வாளரிடம் இல்லை. அவ்வனுபவம் எழுத்தாகும்போது எதனை உள்ளடக்குகின்றது, எதனை வெளியே விடுகின்றது என்பதையே நாம் நோக்கலாம்.

வெளியே விடப்பட்டது எது என்பதைப் பிற்கால வரலாறு காட்டிற்று. 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதே மாதத்தில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து தீண்டாமைக்கு எதிராகப் பேசினார். ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது, அதனைக் கடுமையாக எதிர்த்தோருள் இராமநாதன் முன்னணியில் நின்றார். எல்லா ஆன்மாவும் கிறிஸ்து நிலையை அடையத்தக்கது என்று உரை வகுத்தவர், எல்லா மனிதரும் வாக்களிக்கத்தக்கவர் என்பதை ஏற்கவில்லை. இதனை வெறும் தனிமனித முரணாகக் கொள்வது தவறு. சமத்துவம் முழுவதும் அகத்தில் வைக்கப்பட்டுவிட்டால், புறத்தில் ஏற்றத்தாழ்வு இடையூறின்றி நிலைபெறலாம் என்பதே இங்குக் காணத்தக்க இயைபு.

சித்தாந்தம் உயிருக்குச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்ற இயல்பைக் கூறுகின்றது. உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் நிறத்தைப் பெறும். இக்கொள்கையை இறுதிவரை கொண்டுசென்றால், உயிர் சார்ந்து நிற்பவற்றுள் நிலவுடைமையும் சாதியும் பதவியும் அடங்கும் என்பதையும் ஒப்பவேண்டும். பரானந்தரின் உரை அந்த இடத்துக்கு வரவில்லை. அவருடைய தத்துவமே அவருக்கு அளித்த கருவியை அவர் தம் சமூகநிலை மீது பயன்படுத்தவில்லை என்பது நமது முக்கியமான மறுப்பு.

4

இவ்விடத்தில் ஒரு சொல்லை நின்று நோக்குதல் தகும். லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில், இறையாட்சி எங்கே என்ற வினாவுக்கு இயேசு கூறும் விடை அனுபூதியாளர் அனைவர்க்கும் ஆதாரமானது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு ‘உள்ளே’ என்றும் பொருள் கொள்ளலாம். ‘உங்கள் மத்தியில்’ என்றும் பொருள் கொள்ளலாம். பழைய ஆங்கில விவிலியம் முதற்பொருளைத் தேர்ந்தது. அதனைக் கற்றுவந்த ஆங்கிலக் கல்வியாளர்க்கு இறையாட்சி உள்ளத்தினுள்ளே இருப்பது என்பது ஐயத்துக்கிடமற்றதாயிற்று. ஆனால் இயேசு அச்சொல்லைக் கூறியது சீடருக்கன்று, தம்மை எதிர்த்த பரிசேயருக்கு. எதிரிகளின் உள்ளத்திலே இறையாட்சி இருப்பதாக அவர் கூறியிருப்பாரா என்று ஐயுற்ற ஆராய்ச்சியாளர் பலர் இரண்டாம் பொருளையே ஏற்பர்.

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘உங்களுக்குள்’ என்ற சொல்லை ஆள்கின்றது. தமிழறிந்தோர் இதன் நுட்பத்தை உடனே உணர்வர். ‘அவனுக்குள் ஒரு பயம்’ என்னும்போது அச்சொல் உள்ளத்தைக் குறிக்கின்றது. ‘உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்னும்போது மனிதர் இடையிலான உறவைக் குறிக்கின்றது. கிரேக்கத்தின் இருபொருளும் தமிழில் ஒரே சொல்லிற் குறைவின்றி வந்துவிட்டன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘நடுவே’ என்ற பொருளைத் தெரிந்து அவ்விருமையை நீக்கியது. அதற்கு நியாயம் உண்டு. எனினும் பழைய சொல்லில் இருந்த ஒரு வாய்ப்பும் அதனோடு போயிற்று. ஏனெனில், அகத்தில் உள்ள பிளவும் ஊரில் உள்ள பிளவும் வேறுவேறல்ல என்று கூறுவதற்கு ‘உங்களுக்குள்’ என்ற சொல்லைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.

பரானந்தர் தமிழில் அன்றி ஆங்கிலத்தில் உரை எழுதியமை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவர் முன் இருந்த மொழி முதற்பொருளை மட்டுமே அவருக்கு வழங்கியது. அவர் முன் இருந்த வாசகரும் அதையே விரும்பினர்.

அகநோக்கான வாசிப்பு தவறாமற் செயலின்மையில் முடியும் என்றும் கூறிவிடமுடியாது. 1894இல் தோல்ஸ்தோய் இதே வசனத்தைத் தம் நூலொன்றின் தலைப்பாக்கினார். அவரும் அதனை அகவழியே கொண்டார். ஆயினும் அவ்வாசிப்பிலிருந்து அவர் வந்தடைந்த முடிவு, அரசின் படைக்கு ஆளாக மறுத்தல், சொத்தின் வன்முறையை மறுத்தல் என்பனவாகும். அந்நூலைத் தென்னாபிரிக்காவிற் படித்த காந்தியடிகள் அதனால் ஆழமாக ஈர்க்கப்பட்டார். தோல்ஸ்தோய் தம் அமைதியின்மையைத் தம் பண்ணையில் உழைத்த விவசாயியின் நிலையோடு தொடர்புபடுத்தினார். அமைதி கண்ட பின்னும் அத்தொடர்பை அவர் அறுக்கவில்லை. அவரது தீர்வு கற்பனாவாதத் தீர்வு என்பதை லெனின் தெளிவாக விமர்சித்துள்ளார். ஆனால் முரண்பாட்டை அவர் இனங்கண்ட இடம் சரியானது.

5

இனித் தீவகத்தை நோக்குவோம். ஊர்காவற்றுறையை ஐரோப்பியர் வழங்கும் பெயர் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. யானைகள் கப்பலேற்றப்பட்ட துறை என்பது அதன் பொருள். ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களை இட்டனர். வேலணை லைடனாயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க்காயிற்று, நயினாதீவு ஹார்லெமாயிற்று, நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ப்ற் என்ற பெயர் இன்றுவரை வழங்குகின்றது. ஏகாதிபத்தியங்களின் வணிகப் பாதையிற் கிடந்த இத்தீவுகளுக்குக் கிறிஸ்தவம் வந்த வழியும் அதுவே.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவாஸ் முனிவர் யாழ்ப்பாணத்தில் மறைவாகப் பணி தொடங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றியே அச்சமயம் கரையோர மக்களிடையே வாழ்ந்தது. 2015இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவரது துறவு பெரிதும் பேசப்பட்டது; அவருக்கு முன் அச்சமயத்தைக் காத்த பெயரறியா மக்கள் அதிகம் பேசப்படவில்லை. எழுத்தறியாத மக்கள் நற்செய்தியை வாய்மொழியாகக் காத்தனர் என்பதே இலக்கிய வரலாற்று நோக்கில் நமக்கு முக்கியமாகும்.

யோசேவாஸ் முனிவரைத் தொடர்ந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) அம்மக்களுக்கு ஒரு நூலை அளித்தார். கிறிஸ்துவின் பாடுகளைத் துயரம் ததும்பும் நடையிற் கூறும் ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் யாழ்ப்பாண, மன்னார்க் கரையோர ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுவந்தது. இரண்டாவது வத்திக்கான் சங்கம் (1962–1965) வரை பூசைமொழி இலத்தீனாகவே இருந்தமையால், வேதத்தைத் தம் மொழியிற் கேட்டு அழும் வாய்ப்பைக் கடற்றொழிலாளர்க்கு அளித்தது இத்தகைய வாசிப்பே எனலாம். இம்மரபிலிருந்து பாடுகளின் நாடகமும் வளர்ந்தது. 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் அதனை யாழ்ப்பாண நகர மேடைக்குக் கொண்டுவந்தது.

பரானந்தரின் உரையையும் இவ்வாசிப்பையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடு துலக்கமாகும். அங்கு வாசகர் ஒருவர். இங்குக் கேட்போர் பலர். அங்குச் சிலுவை அகந்தையின் அழிவுக்குக் குறியீடு. இங்குச் சிலுவை ஒரு தாய் தன் மகனின் உடலைக் காணும் இடம். அங்கு முரண்பாடு ஞானத்தால் தீர்கின்றது. இங்கு முரண்பாடு தீர்வதில்லை, உரத்துச் சொல்லப்படுகின்றது. கடலுக்குப் போனவர் திரும்பாத ஊரில் அத்தாயின் புலம்பல் குறியீடாக நில்லாது. ஒப்பாரி மரபில் வளர்ந்த பெண்கள் வேதத்தின் துயரத்தையும் தம் துயரத்தையும் ஒரே குரலில் அழுதனர்.

இதனையும் நாம் இலட்சியப்படுத்தலாகாது. துயரத்தைப் பொதுவாக்கிய அம்மரபு துயரத்தின் காரணத்தைப் பொதுவாக ஆராயவில்லை. ஒரே புலம்பலைக் கேட்டு அழுதவர்கள் கோவிலினுள் சாதிவாரியாக அமர்ந்த நிலை யாழ்ப்பாணத் திருச்சபைகளின் வரலாற்றில் உண்டு. சம்மாட்டிக்கும் கூலிக்குக் கடலுக்குப் போனவனுக்கும் பெரிய வெள்ளி ஒன்றே. மறுநாட் கணக்கு வேறு. எனினும் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். பரானந்தரின் உரை முரண்பாட்டைத் தீர்ந்ததாகக் காட்டிற்று. தீவகத்துப் புலம்பல் தீராததைத் தீராததாகவே வைத்திருந்தது. தீராதது என்ற உணர்வு நீங்கிய இடத்தில் மாற்றத்துக்கான விருப்பமும் நீங்கிவிடும்.

6

விவிலிய உரை மரபோடு நேரடித் தொடர்பற்றவராயினும், மு. தளையசிங்கத்தை (1935–1973) இங்குக் கருதாமல் விடமுடியாது. புங்குடுதீவைச் சேர்ந்த அவர் பேராதனையிற் பொருளியல் கற்றவர்; ஆசிரியர்; சிறுகதை ஆசிரியர்; ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் முற்போக்கு எழுத்தாளர்களைக் கடுமையாகத் தாக்கியவர். ‘போர்ப்பறை’யிலும் மறைவின் பின் வெளியான ‘மெய்யுள்’ளிலும் அவர் வகுத்த தத்துவம், மனோமய நிலையிலிருந்து விஞ்ஞானமய நிலைக்கு மனிதகுலம் உயரும் என்ற பரிணாமக் கொள்கையாகும். மார்க்சியத்தை அந்த ஏணியின் ஒரு கீழ்ப்படியாக அவர் வைத்தார். இக்கொள்கையின் கருத்துமுதல்வாத அடிப்படையை எம். ஏ. நுஃமான் விரிவாக மறுத்துள்ளார். உற்பத்தி உறவுகளின் மாற்றத்தை உணர்வு நிலையின் மாற்றத்தாற் பதிலீடு செய்யும் எந்தக் கொள்கையும் வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகின்றது என்ற அம்மறுப்பு இன்றும் பொருந்துவதே.

ஆயினும் தளையசிங்கத்தின் வரலாறு நூல்களோடு முடிவதில்லை. தீவகத்தில் நன்னீர் அரிது. பல கிணறுகள் உவர். நன்னீர்க் கிணறு யாருடையது என்ற வினா அங்கு நேரடியான சாதி வினாவாகும். 1971இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். பின்னர் நோயுற்று 1973 ஏப்ரலில், நாற்பது வயது நிறையாமலே காலமானார்.

அனுபூதியைத் தம் தத்துவத்தின் முடியாகக் கொண்ட ஒருவரை அக்கிணற்றடிக்குக் கொண்டுசென்றது எது? அவரது அனுபவமே என்று அன்பர்கள் கூறுவர். அவ்விடை போதாது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் யாழ்ப்பாணத்தின் மனச்சாட்சியையே புதிதாக வகுத்திருந்தன. அவற்றை முன்னெடுத்தோர் இடதுசாரிகளும் தாழ்த்தப்பட்ட மக்களுமே. தனிப்பட்ட ஆன்ம அனுபவம் எதனைத் தன் முரண்பாடாக உணரவேண்டும் என்பதை அவ்வெகுசன இயக்கம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டிருந்தது. 1898இல் வாழ்ந்த அனுபூதியாளர்க்குக் கிணறு அகமுரண்பாடாகத் தோன்றவில்லை. 1971இல் வாழ்ந்தவர்க்குத் தோன்றிற்று. இடையில் மாறியது ஆன்மாவன்று, சமூகம்.

இது தளையசிங்கத்தின் பெருமையைக் குறைப்பதாகாது. அதே காலத்தில் அதே இயக்கத்தைக் கண்டும் தம் தியானத்தைக் கலைத்துக்கொள்ளாத பலர் இருந்தனர். தம் தத்துவம் கோரிய அளவுக்கு மேலாகவே தளையசிங்கம் நடந்துகொண்டார். அவரது நூல்களை விமர்சிக்கும்போது அக்கிணற்றையும் நூலின் பகுதியாகவே படிக்கவேண்டும். அப்படிப் படித்தால், ஏணியின் உச்சிப்படியை நாடிய அவரது தத்துவத்தை அவரது செயல் தரைக்கு இழுத்துவந்தது புலனாகும்.

7

தீவகத்தின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவைக் கொடிய முறையில் மீண்டும் எழுப்பியுள்ளது. 1990ஆம் ஆண்டின் பின்னர்ப் போரினால் தீவுகள் பெருமளவு ஆளொழிந்தன. எஞ்சியோரும் மீண்டோரும் வாழ்ந்த அல்லைப்பிட்டியில், 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி புனித பிலிப் நேரியார் ஆலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த பொதுமக்கள் எறிகணை வீச்சிற் கொல்லப்பட்டனர். எஞ்சியோரைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்ல உழைத்த பங்குத்தந்தை திருச்செல்வம் நிஹால் ஜிம் பிறவுண் அடிகளார், அதே மாதம் 20ஆம் திகதி தம்மோடு சென்றவருடன் காணாமற்போனார். கடற்படையின் சோதனைச் சாவடியருகே அவர்கள் கடைசியாகக் காணப்பட்டனர். அதன்பின் அவர்கள் திரும்பவில்லை. அவ்வாலயத்துக்குப் பெயர் தந்த பிலிப் நேரியார், யோசேவாஸ் முனிவரும் கொன்சால்வெஸ் அடிகளும் சார்ந்த குருக்கள் சபை மரபின் தாபகராவார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாறுவேடத்தில் அரசின் கண்ணுக்குத் தப்பி வந்த மரபொன்றின் பெயர் தாங்கிய ஆலயத்தின் குரு, தம் உடையை மறைக்காமலே சென்று மறைந்துபோனார்.

இந்நிகழ்ச்சியை அகமுரண்பாட்டின் மொழியில் எவ்வாறு விளக்குவது? ஆலயத்தில் மடிந்தோரின் முரண்பாடு ஆணவத்தோடு கொண்ட முரண்பாடன்று. காணாமற்போனவரின் தாய்க்கு, கூட்டை உதறிய ஆன்மா பற்றிய ஞானம் விடையாகாது. அவர் கேட்பது உடல் எங்கே என்பதே. வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்காகப் படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்த தாய்மாரின் கேள்வியும் அதுவே. தீவகத்துத் தவக்காலப் புலம்பல் பல தலைமுறைகளாகப் பயிற்றுவித்த கேள்வி, இப்போது கோவிலுக்கு வெளியே அரசை நோக்கிக் கேட்கப்படுகின்றது. துயரத்தின் காரணத்தை அம்மரபு ஆராயவில்லை என்று மேலே கூறினோம். இன்று அது காரணத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டது.

8

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, அனுபூதி உரை அகமுரண்பாட்டைக் கற்பித்துக்கொள்வதில்லை, அம்முரண்பாடு உண்மையானது. குடியேற்றவாதச் சூழலில் வாழ்ந்த கற்றோர் உள்ளத்தின் பிளவைப் பரானந்தர் நேர்மையாகவே உணர்ந்தார். ஆயின் அப்பிளவின் சமூக வேர்களை உரை மறைத்தபோது, அது தீர்த்தது நோயையன்று, நோவையே.

இரண்டாவது, அனுபூதி உரையை மதிப்பிடும் அளவுகோல் அனுபவத்தின் உண்மை பொய்யன்று. உரையைக் கற்று முடித்தவர் யாரோடு எந்த உறவில் நிற்கின்றார் என்பதே அளவுகோல். மூன்சரும் தோல்ஸ்தோயும் தளையசிங்கமும் வெவ்வேறு அளவில் இவ்வளவுகோலுக்கு முகங்கொடுப்பர். மத்தேயுவுக்கும் யோவானுக்கும் நுண்ணிய உரை கண்ட பரானந்தர், வாக்குரிமை வினாவின் முன் தயங்கி நிற்கின்றார்.

மூன்றாவது, இலக்கிய வரலாற்றில் விவிலிய உரை என்னும்போது அச்சேறிய நூல்களை மட்டும் கணக்கிற் கொள்வது போதாது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் மக்கள் தம் வேதத்தைக் கேட்ட முறையும், பாடிய முறையும், அழுத முறையும் உரைகளே. இடப்பெயர்வினாற் சிதறிய ஊர்களின் தவக்கால ஏடுகளும் இராகங்களும் புலம்பெயர்ந்தோரிடத்தும் எஞ்சியோரிடத்தும் நினைவாக இருக்கும்போதே திரட்டப்படுதல் வேண்டும். இப்பணிக்குச் சமயப்பற்றுத் தேவையில்லை. மக்கள் பற்றுப் போதும்.

இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலே 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிற்று. அவர் வாக்குரிமை வழங்க விரும்பாத மக்களின் பேரப்பிள்ளைகளும் அவ்வளவிலே பட்டம் பெறுகின்றனர். அவர்கள் அவரது உரைகளைக் கற்கவேண்டும் என்பதே நமது விருப்பம். அவற்றைப் புறக்கணிப்பதற்காகவன்று, ஆங்கிலத்தில் ஒருபொருளாகச் சுருங்கிய அந்தச் சொல்லைத் தமிழில் மீண்டும் இருபொருளாக விரித்து, ‘உங்களுக்குள்’ என்றால் உள்ளத்திலும் ஊரிலும் என்று படிப்பதற்காகவே.